ஃபார்மட் மாப்பிள்ளை

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால் போதும், மாப்பிள்ளைக்கு மூக்கில் வியர்த்துவிடும். "அப்படியே வைங்க, சாயங்காலம் வந்து பாக்கிறேன்" என்பார். வருவார். சட்டைப் பையில் விண்டோஸ் போட்ட பென்டிரைவும் வரும். நாடி பிடிக்கும் முன்பே கஷாயத்தைக் காய்ச்சி எடுத்து வரும் வைத்தியர் இவர்.

சில வீடுகளில் இந்தப் பொறுப்பு சித்தப்பாவிடம் இருக்கும், சில இடங்களில் எதிர் ஃபிளாட் அண்ணனிடம். மாப்பிள்ளையாக வாய்த்தால்தான் கஷ்டம். கடிந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பஜ்ஜி வேறு போட வேண்டும்.

"என்ன ஆச்சு மச்சான்?" என்று கேட்பார். "பவர் லைட் எரியுது மாப்பிள்ளை, கம்பெனி பேர் வருது, அதுக்கப்புறம் கறுப்பா..." அதற்கு மேல் சொல்ல விடமாட்டார். "புரிஞ்சிடுச்சு. ஃபார்மட் போட்டுடலாம்."

ஃபேன் கத்துகிறதா? ஃபார்மட். சார்ஜ் ஏறவில்லையா? ஃபார்மட். ஒருமுறை என்டர் பட்டன் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு ஃபார்மட் போட்டுப் பாப்போமே" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தனக்கு என்ன நோவு என்று அந்த மெஷினே திரையில் எழுதிக் காட்டும். அதைப் படிக்க இவருக்குப் பொறுமை கிடையாது. எழுத்து வந்த மறுநொடி எஃப்2, எஃப்8, எஃப்12, டெலீட் என்று பத்து விரலாலும் குத்துவார். எழுத்து ஓடிப்போகும். "என்னவோ போட்டிருந்துதே மாப்பிள்ளை?" என்றால், "அது எப்பவும் வர்றதுதான்" என்பார்.

நியாயமாகச் சொன்னால், அவர் வைத்தியம் பலித்த காலம் ஒன்று உண்டு. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் வருஷம் திரும்புவதற்குள் வைரஸும் குப்பையுமாகச் சேர்ந்து நகராமல் உட்கார்ந்துவிடும். ஃபார்மட் போட்டால் பறக்கும். பஸ் ஸ்டாண்ட் மாடியில் ஒரு சென்டரில் அவர் படித்தது அப்போதுதான். எக்ஸ்பி ஏறும்போது 'இன்னும் 39 நிமிடம்' என்று திரை காட்டும். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை ஊர்க்கதை பேசுவார், அப்பாவோடு அரசியல் பேசுவார், பஜ்ஜி தீரும். நடுவில் 25 எழுத்து சாவி கேட்கும். காகிதத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். (அந்தச் சாவி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.) என் தங்கையின் பிறந்தநாள் அவருக்கு இன்றுவரை மனதில் நிற்கவில்லை. அந்த 25 எழுத்து நிற்கிறது. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வராது.

ஆனால் மெஷின் மாறிவிட்டது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் கொடுத்தாலும் பெரும்பாலும் முழுசாக அணைவதில்லை. பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு படுத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழும். கோளாறும் கூடவே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். ரிச்சி தெருவில் எந்தக் கடைப் பையனிடம் கொடுத்தாலும் முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பான். பிறகு வேறு மானிட்டரில் மாட்டிப் படம் வருகிறதா என்று பார்ப்பான்; வந்தால் பழுது ஸ்கிரீனில். இல்லையென்றால் ராமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து மாட்டுவான். பாதி கேஸ் அதிலேயே எழுந்து உட்காரும். இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அதெல்லாம் தற்காலிகம் மச்சான். ஃபார்மட்தான் நிரந்தரம்" என்றார்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு நின்றன. விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை நீக்கினால் சரியாகும் என்று செய்தி வந்தது. மாப்பிள்ளை பேப்பரை மடித்து வைத்தார். "எதுக்குச் சுத்தி வளைக்கிறாங்க?" என்றார்.

நிரந்தரம் என்றாரே, அது உண்மைதான். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் நிரந்தரமாகப் போயின. ஃபார்மட் முடிந்து, புது வால்பேப்பரும் வைத்துவிட்டுத்தான் கேட்டார்: "முக்கியமா ஏதாவது இருந்துதா? டி டிரைவ்லதானே?" டெஸ்க்டாப்பில் என்றேன். "டெஸ்க்டாப்லயா? யாராவது டெஸ்க்டாப்ல வைப்பாங்களா மச்சான்?" அப்பா என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை கேக்கறது நியாயம்தானே?" என்றார். விண்டோஸ் எழாவிட்டாலும் டிஸ்க் நன்றாக இருந்தால் உள்ளே இருப்பது பத்திரமாகவே இருக்கும். அதே பென்டிரைவில் ஒரு லினக்ஸைப் போட்டு வந்திருந்தால் எல்லாப் படத்தையும் நகல் எடுத்திருக்கலாம். அதெல்லாம் வேண்டாம், முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இப்போது வீட்டில் இருப்பது புது லேப்டாப், பிட்லாக்கர் பூட்டோடு வந்தது. சென்ற தீபாவளிக்கு வந்தவர் பென்டிரைவைச் செருகி, எஃப்2 தட்டி, செக்யூர் பூட்டை அணைத்தார். திரை நீலமாகி, 48 இலக்கச் சாவி கொடு என்று நின்றது. எந்தப் பட்டனைக் குத்தியும் நகரவில்லை. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். என் மகள் தன் செல்லில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, "தள்ளுங்க மாமா" என்று ஆறு ஆறு எண்ணாகத் தட்டினாள். விண்டோஸ் எழுந்தது.

"48 கொஞ்சம் அதிகம் பாப்பா" என்றார் மாப்பிள்ளை. "25னா நானே சொல்லியிருப்பேன்."