சனிக்கிழமை மீனவர்

ஊரில் மற்றவர்கள் நாள்காட்டியில் சம்பளத் தேதியைப் பார்ப்பார்கள். நம்மவர் திதியைப் பார்ப்பார். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏற்றம் அதிகம், அந்த ஏற்றத்தோடு பெரிய மீன் கரையோரம் வரும் என்பது அவர் கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் அமாவாசையன்று அவர் வீட்டில் கவுச்சி கிடையாது. "அப்பாவுக்குப் படையல் போடுற நாள்ல மீன் பிடிக்கப் போறீங்களா?" என்று வீட்டம்மா கேட்டுவிட்டால் வங்காள விரிகுடா அப்படியே வற்றிவிடும்.

மிச்ச நாளில் சனிக்கிழமை ராத்திரிதான் தோது. அதிலும் புரட்டாசி போச்சு. ஐப்பசியில் மழை. கார்த்திகை பிறந்தால் கூட வருகிறவர்களில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும், அவற்றைக் காப்பாற்ற ராத்திரியெல்லாம் கடற்கரையில் நடக்கும் பிள்ளைகள் வந்து, "சார், அந்த லைட்டைக் கொஞ்சம் அணைக்கிறீங்களா?" என்பார்கள். நம்மவர் நெற்றியில் கட்டியிருக்கும் விளக்கோ மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்துக்குப் பங்காளி. ஆக, மிஞ்சுவது கோடைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை. "போட்டையெல்லாம் கட்டிப் போட்டுட்டான். மீன் எங்க போகும்? கரைக்குத்தானே வரணும்?" என்பார். மீனுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. நாற்பதை ஒட்டிய வயது. கார் டிக்கியைத் திறந்தால் பன்னிரண்டடி ராடு ரெண்டு, ரீல் நாலு, நரம்பில் மட்டும் ஏழெட்டு தினுசு, ஈயக்கட்டி, முள்ளுக்கென்று தனி டப்பா, ராடு நுனியில் மாட்டுகிற மணி. ரீல் விலை வீட்டுக்குச் சொல்லப்படுவதில்லை; ஆடித் தள்ளுபடியில் வாங்கியது என்ற அளவில் விஷயம் நிற்கிறது. இரைக்கு இறால். வீட்டுக்கு வாங்கும்போது பொடி இறால் போதும் என்கிற மனிதர், மீனுக்கு வாங்கும்போது விரல் பருமன் பார்த்துப் பொறுக்குவார். நாளைக்குப் பசியோடு இருக்கப் போகிறவர்களுக்கு அந்த இறாலே ஒரு தொக்குக்கு ஆகியிருக்கும். இதை அப்போது யாரும் யோசிப்பதில்லை.

போகிற இடம் பரம ரகசியம். காரில் உட்கார்ந்திருக்கிற சிநேகிதர்களுக்கே மாமல்லபுரம் தாண்டிய பிறகுதான் சொல்வார். சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர் கோட்டையைக் கடந்து, சவுக்குத் தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தி, "இந்த ஸ்பாட் யாருக்கும் தெரியாது ஜி" என்பார். முந்நூறடி தள்ளி ஒரு மீனவர் குப்பம் இருக்கும். அங்கே எல்லாருக்கும் தெரியும்.

முள் கட்டுகிற நேரத்தில் மட்டும் அவரைப் பார்க்க வேண்டும். நரம்பை ஆறு சுற்று சுற்றி, வளையத்துக்குள் நுழைத்து, இறுக்குவதற்கு முன்னால் நாக்கில் வைத்து ஒரு நனை நனைப்பார். காய்ந்த முடிச்சை இறுக்கினால் சூட்டில் நரம்பு பலம் போய்விடும், விவரமான வேலை. பல்லால் மிச்ச நரம்பைக் கடித்துத் துப்பிவிட்டு, காற்று கொண்டலா வாடையா என்று முகத்தைத் திருப்பிப் பார்த்து, இடுப்பை முறுக்கி வீசினால் ஈயம் எண்பது மீட்டர் பறக்கும். பார்த்தால் நமக்கே நம்பிக்கை வந்துவிடும்.

அப்போதுதான் குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். லுங்கியை மடித்துக் கட்டி, கையில் தண்ணீர் பாட்டிலில் சுற்றிய நரம்பு. அவ்வளவுதான் தளவாடம். முழங்கால் தண்ணீரில் நின்று பத்தடி தூரத்தில் போட்டு, ஒவ்வொன்றாகக் கிழங்கான் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே, "இன்னா சார், அவ்ளோ தூரம் போடுறீங்களே. மீனு இங்க காலாண்ட கீது" என்பார்.

"அது சின்ன மீனு பெரியவரே. நாங்க கொடுவாக்குப் போட்டிருக்கோம்."

பெரியவர் ஒன்றும் சொல்லமாட்டார். குழம்புக்குச் சேர்ந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். கொடுவா தேடுகிறவன் முகத்துவாரம் இருக்கிற பக்கம் போவான் என்பது அவருக்குத் தெரியும். கேட்டால்தானே சொல்ல முடியும்?

பிறகு ராத்திரி நீளும். மணி அடிக்கும். எல்லாரும் ஓடுவார்கள். அலை. மறுபடி அடிக்கும். நண்டு இரையைத் தின்றுவிட்டு முள்ளைத் துடைத்து வைத்திருக்கும். ஒரு மணிக்கு மேல் காரணங்கள் வர ஆரம்பிக்கும்: தண்ணி தெளிவா இருக்கு, நிலா வெளிச்சம் ஜாஸ்தி, செயலியில் காட்டிய ஏற்றம் இன்னும் வரவில்லை. சென்னைப் பக்கம் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்குமே ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். அதற்கு இவர் தருகிற மரியாதை கடலுக்கே கூச்சமாக இருக்கும்.

ரெண்டரைக்கு ஒரு பேத்தை வரும். வெளியே எடுத்ததும் வயிற்றை உப்பிக்கொண்டு பந்தாக உருளும். புதிதாக வந்த தம்பி, "தோலை உரிச்சா சாப்பிடலாமாமே ஜி" என்று ஆசையோடு கேட்பான். இந்த இடத்தில் நம்மவரைக் குறை சொல்ல முடியாது. அதன் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, முறிவு மருந்தும் இல்லை என்பதை அழுத்தமாகச் சொல்லி, மறுபேச்சில்லாமல் கடலில் விட்டுவிடுவார். வாங்கின ரீலுக்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு அறிவு போதும்.

அடுத்தது கெளுத்தி. அதை முள்ளிலிருந்து கழற்றப்போன அதே தம்பியின் விரலில் அதன் பக்கவாட்டு முள் ஏறிவிடும். வலி தேள் கொட்டின கணக்கு. பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் அடங்கும். காலையில் சோற்றுக்கென்று கேனில் வைத்திருந்த தண்ணீர் அப்படித்தான் தீர்ந்துபோகும்.

விடிந்ததும் ஃபைபர் படகுகள் கரையேறும். இங்கேதான் நம்மவரின் தனித்தன்மை. சாதாரண ஆள் என்றால் கேட்ட காசைக் கொடுத்து மீனை வாங்கி, தான் பிடித்ததாகப் புளுகுவான். இவர் புளுக மாட்டார். கொடுவாயைத் தூக்கி, வாயைப் பிளந்து, விளக்கடித்துப் பார்ப்பார்.

"இது வலையில பட்டதா, தூண்டில்ல பட்டதா?"

"தூண்டில்தான் சார். வாய்ல பாருங்க, முள்ளு காயம்."

"அப்ப எடை போடுங்க."

அரை மணியில் வாட்சப் குழுவில் படம் வந்துவிடும். கை ரெண்டையும் கேமராவை நோக்கி நீட்டிப் பிடித்த மீன், பின்னால் எங்கேயோ சின்னதாக ஒரு முகம். கீழே, "தூண்டிலில் பிடித்த கொடுவா. நாலு கிலோ." பிடித்தது யார் என்று எழுதவில்லை. ஆகவே அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

இனி சமையல். வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடச் சமையலறைப் பக்கம் போகாதவர், கடற்கரையில் கரண்டியை யாரிடமும் தரமாட்டார். மூன்று செங்கல், சவுக்கு மிளார், மண்சட்டி. காற்று தீயை ஒரு பக்கமாகவே தள்ளும். சட்டியின் கிழக்குப் பக்கம் பச்சையாகவும் மேற்குப் பக்கம் தீய்ந்தும் இருக்கும். மீன் ஆஞ்சு கொடுத்த அக்கா போகிற போக்கில், "கரண்டி போட்டுக் கிண்டாதீங்க சார், உடைஞ்சிடும். சட்டியத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நம்மவர் கிண்டுவார்.

மிளகாய்த்தூள், புளி, மாங்காய், நல்லெண்ணெய் எல்லாம் வந்திருக்கும். உப்பு வந்திருக்காது. பக்கத்துக் குடிசையில் கேட்டால் ஒரு கை உப்பு தரமாட்டார்களா? கேட்கமாட்டார். கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு என்று போனில் பார்த்து, பெருக்கி வகுத்து, இடுப்பளவு உள்ளே போய்ச் சுத்தமாக மொண்டு வந்து ஊற்றுவார். குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. முதல் வாய் வைத்ததும் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நம்மவர் கண்ணை மூடிச் சுவைத்து, "புளி கொஞ்சம் கம்மி" என்பார். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள், மணலும் உப்புமாகச் சட்டியை வழித்துவிடுவார்கள்.

உங்களுக்கும் இப்படி ஒரு ஜி இருப்பார், கூப்பிடுவார். தயங்காமல் போங்கள், அந்தக் காற்றுக்காகவே போகலாம். ஆனால் கையில் நாலு பொட்டலம் புளிசாதம், ஒரு பாக்கெட் உப்பு, அதிகமாக ஒரு கேன் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மறக்காமல் ரொக்கம் வைத்திருங்கள். அந்தக் கரையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது.