இரண்டு வரிக்கு ஓர் எடிட்டரா?

கேள்வி: குழந்தைகள் படப் புத்தகத்தில் பக்கத்துக்கு இரண்டே வரி. அதைத் திருத்த ஓர் எடிட்டர் எதற்கு?

பதில்: அந்த இரண்டு வரியைத்தான் அப்பா நூறு ராத்திரி சத்தமாக வாசிக்க வேண்டியிருக்கிறது! ஒரு சொல் மாறினாலும் மடியில் இருக்கும் வாண்டு விடாது. அதனால், வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது எடிட்டரின் முக்கியமான வேலை. நாக்கு தடுக்கும் இடத்தில் பென்சில் இறங்கும்.

பக்கக் கணக்கும் உண்டு. பெரிய தாளை அச்சிட்டு மடித்து வெட்டினால் 8, 16, 32 என்றுதான் பக்கங்கள் வரும். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். கதை எந்த இடத்தில் நின்றால் குழந்தை ஆவலோடு தாளைப் புரட்டும் என்பதை அதற்குள்ளேயே பார்த்தாக வேண்டும்.

சில சமயம் எடிட்டரின் ஒரு கேள்வியே கதையை மாற்றிவிடும். அமெரிக்காவின் ஹார்ப்பர் பதிப்பகத்தில் 1940 முதல் 1973 வரை சிறுவர் நூல் பிரிவை நடத்தியவர் உர்சுலா நார்ட்ஸ்ட்ராம். படப் புத்தக எழுத்தாளரும் ஓவியருமான மாரிஸ் செண்டாக் அவரிடம் காட்டுக் குதிரைகளைப் பற்றி ஒரு கதை சொன்னார். ஆனால், குதிரை வரைய அவருக்குக் கை வரவில்லை. ‘சரி, உனக்கு என்னதான் வரைய வரும்?’ என்ற பொருளில் கேட்டார் நார்ட்ஸ்ட்ராம். குதிரைகள் போய், உருட்டு விழியும் கூர்நகமுமாக விசித்திர ஜந்துக்கள் வந்தன.

அப்படி உருவாகி 1963இல் வெளியான ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ அடுத்த ஆண்டு, படப் புத்தகங்களுக்கான கால்டெகாட் பதக்கம் பெற்றது. அதில் ஜந்துக்களின் ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது, அடுத்தடுத்து மூன்று இரட்டைப் பக்கங்களில் ஒரு சொல்கூடக் கிடையாது. அங்கே சத்தம் போடுவது குழந்தையின் பொறுப்பு!