பானை மேல் சிலம்பம்

செங்கல்பட்டுப் பக்கத்து வாத்தியார் ஒருவரிடம் சிலம்பம் கற்கப் போனேன். பத்து நாளாகியும் கம்பைக் கண்ணில் காட்டவில்லை. "காலடி வரட்டும்டா" என்பார். அவர் முற்றத்து மண்ணில் பெருவிரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

இப்போது மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து பாருங்கள். எட்டு வயதுப் பையன் பானை மேல் நிற்கிறான். கண்ணில் கறுப்புத் துணி, கையில் விளக்கு மினுக்கும் கம்பு. ஒரு மணி நேரம் நிற்காமல் சுற்றினால் உலக சாதனைச் சான்றிதழ், கேடயம், சால்வை. எதிராளி? அவன் எதற்கு? அவன் வந்தால் பானை உடைந்துவிடும்.

எம்.ஜி.ஆர். 1971-இல் 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே கம்பு சுழற்றினார். அது வித்தைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரே அடிக்கவாவது நாலு பேர் வந்தார்கள்.

பையனைக் குறை சொல்லவில்லை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. ஆனால் அங்கே தொடுமுறைப் போட்டியில் எதிராளி மேல் கம்பு பட்டால்தான் புள்ளி. பானைக்குப் புள்ளி இல்லை.

காலடி பார்க்க ஆசையிருந்தால் அதே மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்தின் அருகே மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போங்கள். இரு கையாலும் கதாயுதத்தைப் பிடித்து, உடம்பைச் சாய்த்து, காலை ஊன்றிப் பின்வாங்குகிறான் மகிஷன். பல்லவர் காலத்திலிருந்து நிற்கிறான். சான்றிதழ் இன்னும் வரவில்லை.