வெள்ளை உப்பும் சாம்பல் படமும்

கே: கையில் செல்போன் இருக்கும்போது டிஜிட்டல் கேமரா எதற்கு? (வாசகர், மரக்காணம்)

ப: பந்தியில் இலையைப் படமெடுக்க வேண்டியதில்லைதான். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கழுவெளி ஏரியில் நிற்கும் பூநாரையை எடுத்துப் பாருங்கள். செல்போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பறவை கிட்டே வராது, புள்ளிகள்தான் பெரிதாகும். கேமராவின் ஜூம் லென்ஸ் கண்ணாடிகளை நகர்த்திப் பறவையை நிஜமாகவே பெரிதாக்கித் தரும். 2021-இல் கழுவெளி பறவைகள் சரணாலயமாகிவிட்டது. கிட்டே போய்ப் பறவையை விரட்டாதீர்கள், லென்ஸை அனுப்புங்கள்.

கே: ஃபிலிம் இல்லாமல் படம் எதில்தான் பதிகிறது? (மாணவி, திண்டிவனம்)

ப: சென்சாரில். உங்கள் ஊர்ப் பக்கத்து உப்பளம் மாதிரி அதிலும் பாத்தி பாத்தியாகக் கட்டியிருக்கிறது, கோடிக்கணக்கில். ஒவ்வொரு பாத்தியும் தன்மேல் விழும் ஒளியை மின்சாரமாக்குகிறது; அதை அளந்து எண்ணாக்கினால் படம். பாத்தி பெரிதானால் மகசூல் கூடும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். செல்போனில் அதில் சிறு துண்டுதான். அந்தி மங்கியதும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கே: டிஜிட்டல் கேமராவை முதலில் செய்தது யார்? (வாசகர், செய்யூர்)

ப: கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாஸன், 1975-இல். எடை 3.6 கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி. ஃபிலிம் விற்றுப் பிழைத்த கோடாக் அதைச் சந்தைக்குக் கொண்டுவரத் தயங்கியது. 2012-இல் திவால் மனு போட்டது. 1960-இல் தொடங்கிய நம் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸும் தப்பவில்லை. சொந்தப் பிள்ளையை வீட்டுக்குள் விடாதவர் கதை முதலாவது. பக்கத்து வீட்டுப் பிள்ளையால் அடிபட்டவர் கதை இரண்டாவது.

கே: உப்புக் குவியல் படத்தில் சாம்பலாக விழுகிறதே, கேமரா கோளாறா? (வாசகி, புதுச்சேரி)

ப: கோளாறு இல்லை, அடக்கம். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே கேமரா நம்பும்; வெள்ளை உப்பைக் கண்டால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ப்ளஸ் ஒன்றுக்குத் தள்ளுங்கள், உப்பு வெளுக்கும். உப்பு வாருகிறவர் முகமும் கறுத்துப்போகாமல் தெளியும்.

கே: உப்புக்காற்று கேமராவைக் கெடுக்குமா? (வாசகர், கூனிமேடு)

ப: உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதைக் கேமரா வேறு விதமாகக் கடைப்பிடிக்கும், உப்புப் பட்டால் துருவாக நினைத்துக்கொண்டே இருக்கும். அளத்தில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமான துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்து, பிறகு உலர்துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவையுங்கள்.

கே: கடைசியாக, வாங்கலாமா வேண்டாமா? (அதே மரக்காணம் வாசகர்)

ப: பறவை, இரவு, விளையாட்டு, இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் ஆசை என்றால் வாங்குங்கள். மெகாபிக்சலைப் பார்க்காமல் லென்ஸைப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பின் அளத்தில் வெயிலில் காய்கிறவரைப் படமெடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த அனுமதியை எந்தக் கேமராவும் தானாக வாங்கித் தராது.