ஜன்னல் வழியாக இத்தாலி

கேள்வி: கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். மிலான், வெரோனா, வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம் – ஐந்தையும் ஐந்தே நாளில் ரயிலிலேயே பார்த்துவிடலாமா?
– வாசகர், ஜலகண்டாபுரம்

பதில்: தாராளமாக. ஜன்னல் வழியாக!

மிலானிலிருந்து ரோமுக்கு அதிவேக ரயிலில் சுமார் 3 மணி நேரம்தான். பொழுதைத் தின்பது ரயில் அல்ல. பெட்டி கட்டுவதும், ஓட்டல் தேடுவதும், ‘சார்ஜர் எங்கே?’ என்கிற விசாரணையும்தான். இரண்டு ஊரைக் கழற்றிவிடுங்கள்.

ஸ்டேஷன் பெயரில் கவனம். சேலத்தில் ஜங்ஷன், டவுன், மார்க்கெட் என்று இருப்பதுபோல வெனிஸிலும் குழப்பம் உண்டு. மெஸ்த்ரேயில் இறங்கினால் வெறும் தரை. கடல்மேல் பாலம் தாண்டி சாந்தா லூச்சியாவில் இறங்கினால், வாசலிலேயே கால்வாய். பெயரில் மட்டும் ஜலம் வைத்திருக்கும் ஊர்க்காரர் நீங்கள். தெருவெல்லாம் ஜலம் பார்க்க வேண்டாமா? ஃப்ளாரன்ஸைத் தேடாதீர்கள், பலகையில் ‘ஃபிரென்ஸே’ என்றுதான் இருக்கும்.

அதிவேக ரயிலுக்கு முன்கூட்டியே வாங்கினால் மலிவு. உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் என்றால், ஏறுமுன் பிளாட்பார மெஷினில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். வேலைநிறுத்தம் அங்கே சகஜம். வார நாளானால் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட ரயில்கள் ஓடியே தீரும்.

ஒத்திகை பார்க்க ஆசையா? மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயில், 46 கிலோமீட்டர். கோடையில் அதற்கு டிக்கெட் வாங்கிவிட்டால், இத்தாலி உங்களுக்குத் தூசு.