ஆலயத்து இருளும் அடியேனின் கணினியும்

சூரியனுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு தேசத்துக்கு, சூரியனைப் பெரும்பாலும் பஞ்சாங்கத்தில் மட்டுமே தரிசித்து வந்த ஜனங்கள் வந்து ஆலயம் கட்டினால் அது எவ்வாறு இருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள், கண்டி நகரில் குயின்ஸ் ஹோட்டலுக்குச் சமீபத்தில், தலதா மாளிகையும் நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் அயல் வீடுகளாக வாய்த்திருக்கும் பரிசுத்த பவுல் ஆலயத்துக்கு ஒருமுறை விஜயம் செய்வது நலம். 1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அதற்குப் பின் முப்பது வருஷம் கழிவதற்குள்ளாகவே, தங்கள் படைவீரர்களும் உத்தியோகஸ்தர்களும் தொழுவதற்கென்று செங்கல்லால் எழுப்பத் தொடங்கிய கோதிக் பாணிக் கட்டடம் அது. வடதேசத்துச் சிற்பிகள் அற்ப சொற்பமான வெளிச்சத்தை யாசித்துப் பெறுவதற்காகக் கண்டுபிடித்த பாணியை, வெயிலை எப்படித் தடுப்பது என்பதே கவலையாக இருந்த ஊருக்குக் கொண்டுவந்து, கனத்த சுவர்களுக்குள் வைத்ததன் பலனாக, வெளியே கண் கூசும் பகல் பன்னிரண்டு மணி உள்ளே மாலை ஆறு மணியாக மாறிவிடுகிறது. தொழுகிறவர்களுக்கு அது பரம சௌகரியம். படம் பிடிக்கிறவனுக்கோ அது பரீட்சை.

அந்தப் பரீட்சைக்கு அடியேன் உட்கார நேர்ந்தது, அந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று இப்போது டொரொண்டோவில் வசிக்கும் நண்பர் ஒருவர், பலிபீடத்தையும் அதன் பின்னுள்ள வர்ணக் கண்ணாடிச் சாளரத்தையும் ஒரு படமாக எடுத்து அனுப்பும்படி விண்ணப்பித்ததனால்தான். ஹந்தானை மலைமேல் மழை கவிந்திருந்த ஒரு சாயங்காலம், முறைப்படி அனுமதி பெற்று, பிளாஷ் வெளிச்சத்தைத் தவிர்த்து, காமிராவை ஒரு வாங்கின் முதுகின்மேல் அசையாமல் வைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தபோது, நடுவிலே சாளரம் ஜொலித்துக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் அந்தகாரம். நம்முடைய கண், வெளிச்சத்தில் சுருங்கியும் இருளில் விரிந்தும் ஓரிடத்தைத் தவணை முறையில் பார்த்து, மூளையிடம் முழுச் சித்திரமாக ஒப்படைக்கிறது; காமிராவோ ஒரே அளவுகோலை எல்லா இடத்துக்கும் பிரயோகிக்கிற நியாயாதிபதி.

இத்தகைய படங்களைத் திருத்துவதற்கென்றே ‘ரா’ கோப்பு என்று ஒன்று இருக்கிறது. சாதாரண ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே வைத்திருக்க, 14 பிட் ‘ரா’ கோப்பு 16,384 படிகள் வைத்திருப்பதால், கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் மூலைகளிலும் ஏதோ சிறிது செல்வம் புதைந்து கிடக்கும். ‘ஷேடோஸ்’ என்ற ஸ்லைடரை வலப்பக்கம் நகர்த்தினால் அது மேலே வரும். இந்தச் செய்தி எங்கள் வீட்டில் எப்படியோ பரவி, அன்றிரவே எனக்குப் பின்னால் ஓர் ஆலோசனைச் சபை கூடிவிட்டது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மருமகன், “மாமா, ஷேடோவை முழுசா ஏத்திப் பாருங்க” என்றான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்திருந்த மைத்துனர், “மச்சான், கூரையில ஒண்ணும் தெரியலையே, அங்கயும் கொஞ்சம் வெளிச்சத்தப் போடு” என்றார். போட்டேன். தூண்கள் வந்தன, வாங்குகள் வந்தன, கூரையும் வந்தது. அவற்றோடு கூடவே சிவப்பும் பச்சையுமாகக் கோடிக்கணக்கான புள்ளிகளும் அழையாமல் வந்து சேர்ந்தன. என் மனைவி எட்டிப் பார்த்து, “என்னங்க, இவ்வளவு தூசா? பார்க்கிறவங்க கோயிலைக் கூட்டுறதே இல்லைன்னு நினைப்பாங்களே” என்று ஆலயத்தின் மானத்தைப் பற்றிக் கவலைப்பட்டாள்.

அது தூசு அல்ல, நொய்ஸ். இருண்ட மூலையிலிருந்து காமிராவுக்கு வந்து சேரும் ஒளித்துகள்கள் மிகச் சில. அந்தச் சிலவும் ஒழுங்காக வருவதில்லை, ஒரு புள்ளிக்குச் சற்று அதிகமாகவும் பக்கத்துப் புள்ளிக்குச் சற்றுக் குறைவாகவும் வருகின்றன. ஸ்லைடர் வராத வெளிச்சத்தை எங்கிருந்தும் வரவழைப்பதில்லை. வந்ததைப் பெருக்குகிறது, அதன் ஒழுங்கின்மையையும் சேர்த்துப் பெருக்குகிறது. நொய்ஸை நீக்கும் கருவியை மருமகன் ஆவேசத்தோடு பிரயோகித்தபோது, புள்ளிகள் மறைந்தன. செங்கல்லின் சொரசொரப்பும் மரத்தின் ரேகைகளும் அவற்றுக்குத் துணையாக மறைந்து, ஆலயம் முழுவதும் மெழுகினால் வார்த்தது போலாயிற்று.

பிறகு நிறத்தைப் பற்றிய வாதப் பிரதிவாதம் தொடங்கியது. மின்விளக்கின் மஞ்சள் ஒளி ஏறக்குறைய 3,000 கெல்வின். சாளரத்தின் வழியே வந்த மழைக்கால ஒளியோ 6,500க்கும் மேல். விளக்கைச் சரிசெய்தால் சாளரம் நீலம் பாரிக்கும், சாளரத்தைச் சரிசெய்தால் சுவருக்குக் காமாலை வரும். கூரையும் தெரியவேண்டுமென்று காமிராவை அண்ணாத்தி எடுத்ததனால் தூண்களெல்லாம் கல்யாண வீட்டில் இரகசியம் பேசும் சம்பந்திகள் போல உச்சியில் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. அவற்றை நிமிர்த்தினால் பலிபீடம் நெடிதாகி ஒல்லியாயிற்று. நான் இந்தச் சங்கடங்களில் ஆழ்ந்திருந்த வேளையில், மைத்துனர் தமது கைத்தொலைபேசியில் ‘ஏஐ’ செயலி ஒன்றிடம் அதே படத்தைக் கொடுத்து, ஒரு நொடியில் திரும்பப் பெற்றுக் காட்டினார். நடுப்பகலின் பிரகாசம்! மின்விசிறிகள் மாயம், அவற்றோடு, யாரோ ஒரு துரையின் ஞாபகார்த்தமாகச் சுவரில் பதித்திருந்த கல்லும் மாயம். உஷ்ணதேசத்து வியாதிகள் ஒருமுறை கொன்ற மனிதரை அந்தச் செயலி மறுபடியும் கொன்று, அடையாளமே இல்லாமல் சுவர் பூசிவிட்டது.

திருத்தத்துக்கு எல்லை உண்டென்பதை மலையகத்தில் அடக்கமாகியிருக்கும் ஒரு மாதரசி நன்கு அறிந்திருந்தார். 48ஆம் வயதில் மகள் பரிசளித்த காமிராவைக்கொண்டு உலகப் புகழ் ஈட்டிய ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் காலமாகி, பொகவந்தலாவையில் பரிசுத்த மரியாள் ஆலய வளவில் துயில்கிறார். அவருடைய படங்கள் தெளிவில்லாதவை, தகட்டின் கீறல்களைக்கூட மறைக்காதவை என்று அக்காலத்துப் படக்கலை நிபுணர்கள் இகழ்ந்தார்கள். அம்மையார் சட்டை செய்யவில்லை. நிபுணர்களின் பெயர்கள் இன்று பெரும்பாலோருக்குத் தெரியாது. அம்மையாரின் படங்களை நூதனசாலைகள் போற்றி வைத்திருக்கின்றன.

வெளிச்சம்தான் பிரதானம் என்கிறவர்களுக்கும் கண்டி வழி செய்து வைத்திருக்கிறது. திரித்துவக் கல்லூரியில் கஸ்டர் என்ற குருவானவர் வரைந்த திட்டப்படி 1923இல் தொடங்கி 1935இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற சிற்றாலயம், கண்டி அரசர் காலத்து மண்டபங்களை அனுசரித்து, செதுக்கிய கற்றூண்களின்மேல் நிற்கிறது. பக்கங்கள் திறந்தே இருப்பதால் காற்றும் வெயிலும் அனுமதி கேளாமலே உள்ளே வருகின்றன. டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்களில், தாடியில்லாத கிறிஸ்துவைக்கூட அங்கே ஸ்லைடரின் தயவில்லாமல் காணலாம். மண்ணின் வெயிலை அறிந்து கட்டிய ஆலயத்துக்கு வெளிச்சம் அழகு. வெயிலிலிருந்து ஒதுங்கிக் கட்டிய ஆலயத்துக்கு இருளே அழகு. ஒன்றை மற்றொன்றாக்குவது திருத்தம் அன்று, மதமாற்றம்.

ஆகையால், படம் திருத்தும் அன்பர்களே, சாளரத்தின் மிகை ஒளியைத் தணியுங்கள்; நிழலை, தூணின் விளிம்பு தெரியும் மட்டும் ஏற்றுங்கள்; நிறப்புள்ளிகளை நீக்கி, மணல் போன்ற நொய்ஸில் சிறிது மிச்சம் வையுங்கள்; விளக்கு மஞ்சளாகவே எரியட்டும்; கூரையின் இருளைக் கூரைக்கே விட்டுவிடுங்கள். எவ்வளவு இருள் வேண்டும் என்ற ஐயம் எழுந்தால், ஆலயத்துக்குப் போய் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து வாருங்கள். கண் இருளுக்குப் பழக ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும், பழகிய கண் சரியான அளவைச் சொல்லிவிடும். மைத்துனரை உடன் அழைத்துப் போக வேண்டாம்.