40 கிலோவுக்கு 18 எதற்கு?

சுவிஸில் பெண்பிள்ளை வளர்க்கும் யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கு இரண்டு பெரிய செலவுகள் வரும். ஒன்று அரங்கேற்றம், மற்றது ஸ்கீ. என் மகள் பரதத்தை விட்டு ஸ்கீயைப் பிடித்தாள். செலவு பாதியாயிற்று என்று நான் மகிழ்ந்திருந்த வேளையில், "அப்பா, நான் ஃப்ரீஸ்டைல்" என்றாள். பனியில் கட்டிய மேட்டில் ஏறிப் பாய்ந்து, அந்தரத்தில் சுழன்று, பின்பக்கமாக வந்து இறங்குகிற கலை அது. வயது 13. எடை 40 கிலோ, அதுவும் சோறு தின்ற பிறகு.

அவள் கேட்டது லுக் பிவட் 18 பைண்டிங். "எல்லாரும் அதுதான் பூட்டியிருக்கினம்." அந்த எல்லாரையும் போய்ப் பார்த்தேன். தாடி வைத்த பொடியன்கள். ஆளுக்கு 80 கிலோ குறையாது.

பைண்டிங் சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பொறி. ஆனால் பிடிப்பது அதன் பாதி வேலைதான். எலும்பு முறியும் முன்னர் காலை விட்டுவிடுவது மீதிப் பாதி. எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதைச் சொல்வதுதான் டின் எண். பிவட் 18-இன் எண் வரிசை எங்கே முடிகிறது என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். எங்கே தொடங்குகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. 8-இல் தொடங்குகிறது. என் மகளுக்கு அட்டவணைப்படி 4-ஐ எட்டுவதே கஷ்டம். பிவட் 18-ஐ எவ்வளவு தளர்த்தினாலும் விழும்போது ஸ்கீ கழலாது, முழங்கால்தான் கழலும்.

அட்டவணை கறாரானது. எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம் எல்லாம் கேட்கும். எடையும் உயரமும் வேறு வேறு வரிசை காட்டினால் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். நெடுநெடுவென்று வளரும் ஒல்லிப் பிள்ளைகளுக்காகவே எழுதியதுபோல. கடைசியில் குணமும் கேட்கிறார்கள்: நிதானமா, நடுத்தரமா, துணிச்சலா? நான் நிதானம் என்றேன். மகள் துணிச்சல் என்றாள். மனைவி கடை என்றும் பாராமல், "கீழ நிலவறைக்குத் தனியப் போய் உருளைக்கிழங்கு எடுக்கப் பயம், இவள் துணிச்சல்காரியாம்!" என்றாள். தமிழ் தெரியாத கடைக்காரர் பணிவோடு தலையாட்டினார்.

மகள் பக்கமும் நியாயம் உண்டு. எண்ணை மிகவும் குறைத்தால் தரையிறங்கும் அதிர்ச்சியிலேயே ஸ்கீ கழன்று ஓடிவிடும். அதற்குப் பயந்துதான் பிள்ளைகள் திருகாணியை முறுக்குகிறார்கள். சரியான எண்ணில் நிற்கும் நல்ல பொறிதான் மருந்து.

சரி, 4-இல் தொடங்கும் பிவட் 12 வாங்கலாமே? அங்கேதான் வளர்ச்சி குறுக்கே வந்தது. சப்பாத்து ஓர் அளவு கூடினால் அடி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளும். பிவட்டின் குதிகால் பகுதியை நகர்த்தக் கிடைப்பது சுமார் 20 மில்லிமீட்டர். அதன் பிறகு ஸ்கீயில் வேறு துளை போட வேண்டும். பழைய துளையை ஒட்டிப் போடவும் கூடாது. இவள் கால் வளரும் வேகத்துக்கு ஸ்கீ இடியப்பத் தட்டு ஆகிவிடும்.

7-இல் முடியும் சிறுவர் பைண்டிங்கைக் காட்டியபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குமேல் பேச்சில்லை.

கடைசியில் டிரோலியா அட்டாக் 11 வாங்கினோம். 3-இல் தொடங்கும், குதிகால் பகுதி தண்டவாளத்தில் தாராளமாக நகரும். மார்க்கர் ஸ்குவயர் 11-உம் 3 முதல் 11 வரைதான். மகளுக்கு அதன் நிறம் பிடிக்கவில்லை. பெரியோர் பைண்டிங் பலவற்றுக்குச் சிறுவர் சப்பாத்தின் அடி பொருந்தாது என்று கடைக்காரர் எச்சரித்தார். அவளுடையது பெரியோர் அடி. தப்பினோம்.

பிள்ளைக்குப் பைண்டிங் வாங்கப் போகிறவர்களே, பெரிய எண்ணைப் பிள்ளை பார்க்கட்டும், நீங்கள் சின்ன எண்ணைப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்து இயந்திரத்தில் சோதித்து எண்ணைத் திருத்துங்கள். பிள்ளையின் எடையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தாலும் பரவாயில்லை, உள்ளபடி சொல்லுங்கள்.